ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யாவும் 23 ஆண்டுகள் கழித்து வந்த மகாவீர் சக்ராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1965ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தான் போரில் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கச் சென்று திரும்பாத ஒரு விமானிக்கு, 1988இல் நாட்டின் இரண்டாவது உயரிய போர்க்கால வீரவிருது வழங்கப்பட்டது. இடையில் பல ஆண்டுகள்வரை அவர் என்ன ஆனார், எப்படி இறந்தார், யாரை வீழ்த்தினார் என்பது இந்தியாவில் எவருக்கும் தெரியாது. அவரைப் பற்றியும் அந்த விருதைப் பற்றியும் வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே.

தேவய்யா யார்?

முழுப்பெயர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. அவர் கர்நாடகத்தின் குடகு மலைநாட்டைச் சேர்ந்தவர். குடகர்களிடையே குலப்பெயரை முன்னால் வைத்து எழுதுவது வழக்கம். அஜ்ஜமாட என்பது அவருடைய குலத்தின் பெயர். 1932 டிசம்பர் 24 அன்று பிறந்த அவர், 1954இல் இந்திய விமானப்படையில் விமானியாகப் பொறுப்பேற்றார். பயிற்சிப் பள்ளியில் இளம் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். போர் மூண்டபோது பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகிலுள்ள ஆதம்பூர் தளத்தில், 'டைகர்ஸ்' எனப்படும் 1ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தார். 1933இல் தொடங்கப்பட்ட அந்த ஸ்குவாட்ரன்தான் இந்திய விமானப்படையின் முதல் பிரிவு. அப்போது அவருக்கு வயது 32.

குடகிலிருந்து இத்தனை படைவீரர்கள் வருவது தற்செயலா?

அந்தச் சிறிய மலைநாட்டின் படைமரபு பழையது. ஜெனரல் கரியப்பா, ஜெனரல் திம்மய்யா என்ற இரு தரைப்படைத் தளபதிகளும் அங்கிருந்து வந்தவர்களே. இதே 1965 போரில் கரியப்பாவின் மகன் நந்தா கரியப்பாவும் ஹண்டர் விமானத்தில் பறந்து, செப்டம்பர் 22 அன்று, அதாவது போர்நிறுத்தத்துக்கு முந்தைய நாள், சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அவர் உயிரோடு திரும்பினார், தேவய்யா திரும்பவில்லை.

செப்டம்பர் 7 அன்று சர்கோதாவைத் தாக்க வேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது?

செப்டம்பர் 6 காலையில் இந்தியத் தரைப்படை லாகூர் முனையைத் திறந்தது. அன்று மாலையே பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் பதான்கோட் தளத்தின் மீது பாய்ந்து, தரையில் நின்றிருந்த பல இந்திய விமானங்களை எரித்தன. ஹல்வாரா தளத்தின் மீதும் தாக்குதல் நடந்தது. இதற்கான பதிலடி மறுநாள் விடியும்முன் தொடங்கியது.

சர்கோதா பாகிஸ்தான் விமானப்படையின் முதுகெலும்பு போன்ற தளம். சேபர்கள் மட்டுமல்லாமல், அந்நாட்டின் ஒரே ஸ்டார்ஃபைட்டர் பிரிவான 9ஆம் ஸ்குவாட்ரனும் அங்கிருந்தே இயங்கியது. ஆதம்பூரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வரைபடத்தில் இது சிறிய தூரமாகத் தெரியலாம்; ஆனால் ஆயுதச் சுமையோடு தாழப் பறந்து போய்த் திரும்ப வேண்டிய, தேவய்யாவின் ஸ்குவாட்ரன் ஓட்டிய மிஸ்டேர் விமானத்துக்கு அது எரிபொருளின் எல்லைக்கு மிக நெருக்கமான தூரம். வழியில் சண்டையில் இறங்கிச் சுற்றிக்கொண்டிருந்தால் வீடு திரும்ப எரிபொருள் மிஞ்சாது. தேவய்யாவின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்திருப்பது அவசியம்.

அந்தத் தாக்குதலில் தேவய்யாவின் பங்கு என்ன?

திட்டப்படி 12 மிஸ்டேர்கள் செல்ல வேண்டும். தலைமை, ஸ்குவாட்ரனின் கட்டளை அதிகாரியான விங் கமாண்டர் ஓ. பி. தனேஜா. தேவய்யா அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் அல்லர். அவர் மாற்று விமானியாகக் காத்திருந்தவர்: யாராவது ஒருவரால் புறப்பட முடியாமற் போனாலோ, கிளம்பிய பின் விலக நேர்ந்தாலோ மட்டுமே அவர் குழுவோடு சேர வேண்டும். இருட்டில், வானொலியில் ஒரு சொல்லும் பேசாமல், திசைகாட்டியையும் கடிகாரத்தையும் நம்பிப் பறக்க வேண்டிய பயணம் அது. குழுவில் ஓரிடம் காலியாக, அந்த இடத்துக்கு அவர் போனார்.

சும்மா திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விருதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வானில் நடந்த சண்டையை மட்டுமே விவரிக்கிறார்கள். அதற்கு முன் ஓடுபாதையின் ஓரத்தில் எந்திரத்தை ஓடவிட்டபடி காத்திருந்த அந்தச் சில நிமிடங்களுக்கும் இதில் பங்குண்டு என்பது என் கருத்து.

மிஸ்டேருக்கும் ஸ்டார்ஃபைட்டருக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு?

ஒன்று மாட்டுவண்டி, மற்றொன்று ராக்கெட் என்று சிலர் எழுதுவது மிகை. ஆனால் வேறுபாடு பெரிதுதான். பிரான்சின் தஸ்ஸோ நிறுவனம் தயாரித்த மிஸ்டேர் 4ஏ 1957இல் இந்தியா வந்தது. நேராகப் பறக்கும்போது அது ஒலியின் வேகத்தை எட்டாது. இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் அதன் ஆயுதம். எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரோ ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறப்பது. அமெரிக்கத் தயாரிப்பான அதில் ஆறு குழல்கள் சுழன்று சுடும் 20 மில்லிமீட்டர் பீரங்கியும், வெப்பத்தைத் தேடிச்செல்லும் சைட்விண்டர் ஏவுகணைகளும் இருந்தன.

எனினும் ஸ்டார்ஃபைட்டரின் இறக்கை மிகக் குட்டையானது, மெல்லியது. வேகத்துக்காக அமைந்த இறக்கை அது. வளைந்து திரும்புவதற்கு ஏற்றதல்ல. உயரத்தில், வேகத்தில் அதை நெருங்க முடியாது. தரையை ஒட்டிய உயரத்தில், மெதுவாகப் போகும் ஒரு விமானத்தைத் துரத்தி, அதன் பின்னாலேயே நின்று பீரங்கியால் சுட வேண்டுமானால் ஸ்டார்ஃபைட்டர் தன் வேகத்தைத் துறக்க வேண்டும். அப்படித் துறந்த கணத்தில் அதன் மேன்மையும் போய்விடுகிறது. திரும்புவதில் மிஸ்டேரின் கை ஓங்குகிறது. அன்றைய ஏவுகணைகளும் தரைக்கு அருகே நம்பத் தகுந்தவையாக இல்லை. தரையின் வெப்பம் அவற்றின் உணரியைக் குழப்பிவிடும்.

வானில் உண்மையில் என்ன நடந்தது?

தாக்குதலை முடித்துக்கொண்டு மிஸ்டேர்கள் கிழக்கே திரும்பின. அவற்றைத் துரத்தி வந்த ஸ்டார்ஃபைட்டரில் இருந்தவர் ஃப்ளைட் லெஃப்டினன்ட் அம்ஜத் ஹுசைன். அவர் கண்ணில் பட்டது தேவய்யாவின் விமானம். பாகிஸ்தான் தரப்பு விவரிப்பின்படி, அவர் ஏவிய ஏவுகணை தவறியது. பிறகு நெருங்கி வந்து பீரங்கியால் சுட்டார். குண்டுகள் மிஸ்டேரில் பாய்ந்தன. அது முடிந்துவிட்டது என்று கருதி அவர் கவனத்தைத் திருப்பினார்.

மிஸ்டேர் விழவில்லை. அடிபட்ட நிலையில் தேவய்யாவுக்கு முன்னால் இரு வழிகள் இருந்தன. விமானம் தாங்கும்வரை எல்லையை நோக்கிப் பறக்கலாம், அல்லது பாராசூட்டில் குதித்துச் சிறைப்படலாம். அவர் மூன்றாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்: சண்டைக்குத் திரும்பினார். தாழ்ந்த உயரத்தில் இரு விமானங்களும் ஒன்றையொன்று வளைத்துத் திரும்ப, மிஸ்டேரின் 30 மில்லிமீட்டர் குண்டுகள் ஸ்டார்ஃபைட்டரைத் தாக்கின. கட்டுப்பாட்டை இழந்த விமானத்திலிருந்து அம்ஜத் ஹுசைன் வெளியேறி, பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார். 1965 போரில் வான்சண்டையில் பாகிஸ்தான் இழந்த ஒரே ஸ்டார்ஃபைட்டர் அதுதான்.

தேவய்யாவின் விமானமும் அதற்குப் பின் நெடுந்தூரம் செல்லவில்லை. பாகிஸ்தான் மண்ணில் அது விழுந்தது. அவர் உடலை அங்கிருந்த கிராமத்தார் அடக்கம் செய்தனர்.

இது இந்தியாவுக்கு ஏன் தெரியாமற் போனது?

பார்த்தவர் எவரும் திரும்பி வரவில்லை. தாக்கிவிட்டுத் திரும்பும் விமானங்கள் ஒன்றுக்கொன்று கண்ணில் படாமல் சிதறி, தரையை ஒட்டிப் பறந்து வரும். பின்னால் ஒருவர் சண்டையில் சிக்கியது முன்னால் போனவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆதம்பூரில் எண்ணிப் பார்த்தபோது ஒரு மிஸ்டேர் குறைந்தது, அவ்வளவே தெரிந்தது. தேவய்யா காணாமற்போனவர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். போர் முடிந்து கைதிகள் திரும்பியபோதும் அவர் வரவில்லை, இறந்தவராகக் கொள்ளப்பட்டார்.

உண்மை எப்படி வெளிவந்தது?

எதிர்த்தரப்பு வாயிலாக. பாகிஸ்தான் விமானப்படையின் ஆவணங்களையும் விமானிகளின் நினைவுகளையும் ஆதாரமாகக் கொண்டு பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃபிரிக்கர் எழுதிய நூல் 1979இல் வெளியானது. செப்டம்பர் 7 காலையில் ஒரு மிஸ்டேரோடு நடந்த சண்டையில் ஸ்டார்ஃபைட்டர் ஒன்று இழக்கப்பட்டது அதில் பதிவாகியிருந்தது. அந்த நூல் பாகிஸ்தான் தரப்புக்குச் சாதகமாக எழுதப்பட்டது என்ற விமர்சனம் உண்டு. இந்த இடத்தில் அதுவே அதன் சாட்சியத்துக்கு வலிமை சேர்க்கிறது. தமக்கு ஏற்பட்ட இழப்பை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

நூலில் இந்திய விமானியின் பெயர் தேவைப்படவில்லை. கணக்கு தானாகவே விடை சொன்னது. அன்று விடியற்காலையில் சர்கோதா சென்ற 1ஆம் ஸ்குவாட்ரன் மிஸ்டேர்களில் திரும்பாதது ஒன்றுதான், அதை ஓட்டியவர் ஒருவர்தான். இந்திய விமானப்படை தன் பதிவுகளோடு இதை ஒப்பிட்டு ஆராய்ந்தது. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கி, பின்னாளில் ஓய்வுபெற்றிருந்த தனேஜாவும் தம் பழைய சகாவுக்கு உரிய சிறப்பு கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1988இல் மகாவீர் சக்ரா, மறைவுக்குப் பிந்தைய விருதாக அறிவிக்கப்பட்டது. அவருடைய மனைவி அதைப் பெற்றுக்கொண்டார்.

மகாவீர் சக்ரா என்பது எத்தகைய விருது?

பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று, முதல் குடியரசு நாளில் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்டன. காஷ்மீர்ப் போரில் முன்பே உயிர்துறந்தவர்களையும் உள்ளடக்கவே இந்த முன்தேதி. மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை, வீரச்செயல் எதிரியின் முன்னிலையில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது. எதிரி இல்லாத சூழலில் காட்டப்படும் துணிவுக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்ற வேறொரு வரிசை உண்டு. இந்த இரண்டு வரிசைகளையும் ஊடகங்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றன.

பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி வட்டம். முகப்பில் விளிம்பைத் தொடும் ஐந்துமுனை நட்சத்திரம். அதன் நடுவே பொன்முலாம் பூசிய, சற்றே புடைத்த அரசுச் சின்னம். பின்புறம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயரும், இடையே இரண்டு தாமரைகளும். நாடா பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு.

விருதோடு பணமும் உண்டா?

மாதாந்திரப் படி உண்டு. 2017இல் செய்யப்பட்ட திருத்தப்படி பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், மகாவீர் சக்ராவுக்கு 10,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய். விருதாளர் மறைந்திருந்தால் அவருடைய மனைவி அதைப் பெறலாம். மாநில அரசுகள் தனியாகவும் வழங்குகின்றன; தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்.

தேவய்யாவுக்குப் பரம்வீர் சக்ரா ஏன் வழங்கப்படவில்லை?

இதுதான் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, உணர்ச்சியோடு கேட்கப்படுவதும்கூட. இதுவரை பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் விமானப்படையைச் சேர்ந்தவர் ஒருவரே: ஃப்ளையிங் ஆஃபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன். அவருடைய கதையை அருகில் வைத்துப் பார்த்தால் சாட்சியத்தின் எடை விளங்கும்.

1971 டிசம்பர் 14 அன்று ஆறு சேபர்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்கின. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே தம் சிறிய நாட் விமானத்தில் கிளம்பிய சேகோன், உடன் கிளம்பிய ஃப்ளைட் லெஃப்டினன்ட் குமனோடு தொடர்பு அறுந்த நிலையில் தனியாகவே அவற்றோடு போரிட்டார். தளத்தின் தலைக்கு மேலேயே நடந்த சண்டை அது. தரையில் இருந்தவர்கள் கண்ணால் கண்டார்கள். அவருடைய வானொலிக் குரலைக் கட்டுப்பாட்டு அறை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை, ஆனால் அவர் என்ன செய்தார் என்பதில் ஐயமே எழவில்லை; விரைவிலேயே விருது அறிவிக்கப்பட்டது.

தேவய்யாவின் சண்டைக்கு இந்தியத் தரப்பில் ஒரு கண்ணோ காதோ இல்லை. வீரவிருது என்பது வீரத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை; கட்டளை அதிகாரி எழுதும் பரிந்துரை, அதை உறுதிசெய்யும் சாட்சியம், தலைமையகம், அமைச்சகம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்று நீளும் ஒரு தாள்வரிசையைக் கடந்து வருவது அது. ஒரு போருக்கான பரிந்துரைகள் முடிந்த பின் அந்தக் கதவு வழக்கமாகத் திறப்பதில்லை. 23 ஆண்டுகளுக்குப் பின் அது திறந்ததே அரிது; அதுவும் வீர் சக்ராவாக இல்லாமல் மகாவீர் சக்ராவாக வந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனக்கு இதில் குறைசொல்லத் தோன்றவில்லை. ஆனால் 1965இலேயே ஒருவர் பார்த்திருந்தால் எந்த விருது வந்திருக்கும் என்ற கேள்வியை நியாயமற்றது என்றும் ஒதுக்க மாட்டேன்.

எதிர்த்தரப்பின் கூற்றை அப்படியே நம்பலாமா?

எல்லா இடத்திலும் முடியாது. அதே செப்டம்பர் 7 அன்று, அதே சர்கோதாவுக்கு அருகில், ஸ்குவாட்ரன் லீடர் எம். எம். ஆலம் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து ஹண்டர்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் கொண்டாடுகிறது. இந்தியத் தரப்பு அந்த எண்ணிக்கையை ஏற்றதில்லை. வான்சண்டையில் வெற்றிகளைக் கூட்டிச் சொல்வது எல்லாப் படைகளிலும் உண்டு, பெரும்பாலும் அது பொய்யும் அல்ல. வேகத்தில் கண் செய்யும் தவறு. ஆகவே ஆய்வாளர்கள் ஒரு தரப்பின் வெற்றிக் கணக்கை மறுதரப்பின் இழப்புக் கணக்கோடு வைத்துச் சரிபார்க்கிறார்கள். தேவய்யா தாம் வென்றதாகச் சொல்லவே வாய்ப்பில்லை. சொன்னது தோற்ற தரப்பு. இதைவிடத் திடமான சான்று வான்போர் வரலாற்றில் அபூர்வம்.

ஒருவர் இரண்டு முறை மகாவீர் சக்ரா பெற முடியுமா?

முடியும். இரண்டாவது விருதைப் புதிய பதக்கமாகத் தராமல், நாடாவில் பொருத்தும் பட்டையாகத் தருவார்கள். விமானப்படையில் ஜக் மோகன் நாத், பத்மநாப கௌதம் ஆகிய இருவரும் இவ்வாறு பெற்றவர்கள். இருவருமே கான்பெர்ரா விமானங்களில் பறந்தவர்கள்.

தேவய்யாவின் நினைவாக என்ன இருக்கிறது?

குடகின் தலைநகரான மடிக்கேரியில் தனியார் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள சந்திப்பு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவரைச் சுட்ட அம்ஜத் ஹுசைனுக்கு விருது கிடைத்ததா?

கிடைத்தது. மிஸ்டேரை வீழ்த்தியதற்காக அவருக்குப் பாகிஸ்தானின் சிதாரா-ஏ-ஜுராத் வழங்கப்பட்டது. அந்த நாட்டின் வரிசையில் அது மூன்றாவது உயரிய வீரவிருது. ஆக, ஒரே சண்டைக்காக இரு தரப்பிலும் விருது வழங்கப்பட்டிருக்கிறது. இரண்டில் எந்தக் கூற்றும் மற்றதைப் பொய்யாக்கவில்லை: அவர் மிஸ்டேரை வீழ்த்தியதும் உண்மை, வீழ்வதற்கு முன் அந்த மிஸ்டேர் அவரை வீழ்த்தியதும் உண்மை.